எரிபொருள் மின்கல ஆனோடு: முதல் நாள் மின்திறனோடு செய்தி முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தின் ஆனோடுக்குள் (எரிபொருள் பக்கத்து மின்முனைக்குள்) நானோதுகள்களை ஊறச்செய்து மின்திறனைக் கூட்டும் ஆராய்ச்சி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இந்தத் துறையைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. எழுதியவருக்கும் வெளியிட்ட தங்களுக்கும் நன்றி. ஆனால் கட்டுரை முழுவதும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்ற பேச்சாகவே இருந்தது. அந்த மின்கலம் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த வெப்பநிலையில் ஓடியது, எரிபொருளில் எவ்வளவு நீராவி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இவ்வகை ஆனோடுகளுக்கு அந்த ஒரு வரிதான் உயிர். அது இல்லாத செய்தியை நம்பி மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு எடுக்கிறார்கள், நிதி கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

அறிமுகம் சுருக்கமாகப் போதும். இந்த மின்கலத்தின் நடுவில் யிட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கான் தகடு இருக்கிறது. அதுதான் மின்பகுளி. 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் அது ஆக்சைடு அயனிகளை மட்டும் கடத்தும். காற்றுப் பக்கத்திலிருந்து வரும் அயனி ஆனோடில் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகிறது, விடுபடும் எலக்ட்ரான் வெளிச்சுற்றில் ஓடுகிறது. ஜப்பானில் எனெ-ஃபார்ம் என்ற பெயரில் வீடுகளுக்கு விற்கப்படும் சாதனங்களில் ஒரு வகை இதுதான். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ஸ்ரீதர் 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ளூம் எனர்ஜி நிறுவனமும் இந்த வகை மின்கலத்தைத்தான் தயாரிக்கிறது.

வழக்கமான ஆனோடு, நிக்கல் ஆக்சைடையும் சிர்கோனியாவையும் தூளாகக் கலந்து 1,400 டிகிரி அளவில் சுட்டு, பிறகு ஹைட்ரஜனில் வைத்து நிக்கலாக மாற்றிய கலவை. நிக்கல் துகள் சுமார் ஒரு மைக்ரான் இருக்கும். நிக்கல், சிர்கோனியா, வாயுத்துளை மூன்றும் ஒன்றையொன்று தொடும் விளிம்பில்தான் வினை நடக்கிறது. துகள் சிறியதானால் அந்த விளிம்பு நீளும். ஆனால் 1,400 டிகிரியில் சுடும் எந்தப் பொருளும் நானோ அளவில் நிற்காது. எனவேதான் முதலில் பீங்கான் சட்டகத்தை மட்டும் துளைகளோடு சுட்டு எடுத்துக்கொண்டு, பிறகு உலோக நைட்ரேட் கரைசலைத் துளைகளுக்குள் ஊறவைத்து, 400 முதல் 500 டிகிரியில் சிதைத்து, நானோதுகளை உள்ளேயே உண்டாக்கும் வழி வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கோர்ட்டே, வோஸ் குழுவினர் 2000-இல் செம்பும் சீரியாவும் (சீரியம் ஆக்சைடு) ஊறிய ஆனோடில் ஹைட்ரோகார்பன்களை நேரடியாகச் செலுத்திக் காட்டினார்கள். அவர்களுக்கு இந்த வழி கட்டாயமாகவே இருந்தது. செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும், அதைச் சிர்கோனியாவோடு சேர்த்துச் சுடவே முடியாது.

ஊறவைக்கும் வேலையைக் கட்டுரை இரண்டு சொற்றொடரில் முடித்துவிட்டது. கணக்கு அங்கேதான் இருக்கிறது. 20 சதவீதம் கடோலினியம் கலந்த சீரியாவை எடுத்துக்கொள்வோம். 100 மி.லி. அளவில் 1 மோலார் கரைசலுக்குச் சீரியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 34.7 கிராம், கடோலினியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 9.0 கிராம் வேண்டும். இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் உப்புகள். புட்டியில் எழுதியிருக்கும் மூலக்கூறு எடையை நம்பாமல், சிறிதளவை மூசையில் 900 டிகிரி வரை சூடேற்றி, மிஞ்சும் ஆக்சைடை எடைபோட்டு உண்மை அளவைக் கண்டுகொள்ள வேண்டும். இந்தக் கரைசலில் ஒரு மி.லி. சிதைந்தால் கிடைப்பது 0.174 கிராம் ஆக்சைடு. அடர்த்தி 7.2 என்று வைத்தால் அது 0.024 மி.லி. இடத்தை அடைக்கும். அதாவது துளை முழுவதும் கரைசல் நிரம்பினாலும், ஒரு முறைக்குத் துளை இடத்தில் 2.4 சதவீதம்தான் ஆக்சைடாக நிற்கும்.

இதைக் கையில் பிடிக்கும் எடையாக மாற்றுவோம். 16 சதுர செ.மீ. பரப்பு, 300 மைக்ரான் தடிமன், பாதி இடம் துளை என்று ஒரு ஆனோடு இருந்தால் துளைக் கொள்ளளவு 0.24 மி.லி. ஒரு முறை சரியாக ஊறினால் சுட்ட பின் எடை 42 மில்லிகிராம் கூட வேண்டும். 20 மில்லிகிராம்தான் கூடியது என்றால் உள்ளே காற்று சிக்கிக்கொண்டது, கரைசல் அடிவரை போகவில்லை. வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்துவிட்டுக் கரைசலை விட வேண்டும், ட்ரைட்டான் எக்ஸ்-100 போன்ற ஈரமாக்கியைச் சிறிது சேர்க்க வேண்டும். 42-ஐத் தாண்டிக் கூடியிருந்தால் மேற்பரப்பில் மிச்சக் கரைசலைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து மேலோடாகிப் படிந்து அடுத்த முறை ஊறுவதையும், பின்னால் வாயு போவதையும் அடைத்துவிடும். எடையை எப்போதும் சுட்ட பிறகே பார்க்க வேண்டும். காய்ந்த நைட்ரேட் ஈரத்தை இழுத்துக்கொண்டிருப்பதால் அந்த நிலையில் எடுத்த எடைக்குப் பொருள் இல்லை.

உலர்த்தும் வேகமும் அதே அளவு முக்கியம். வெளிப்புறம் வேகமாகக் காய்ந்தால் உள்ளிருக்கும் கரைசல் துளை வழியே வெளிப்புறத்துக்கு இழுக்கப்பட்டு, உப்பு முழுவதும் மேல்பகுதியில் சேர்ந்துவிடும். வினை நடப்பதோ மின்பகுளியை ஒட்டிய முதல் 10, 15 மைக்ரான் ஆழத்தில். 80 டிகிரியில் மெதுவாக உலர்த்தி, நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி வீதம் 450 வரை ஏற்றுவது பாதுகாப்பு. கரைசலில் சிட்ரிக் அமிலம் அல்லது யூரியா சேர்ப்பதும் உண்டு. யூரியா சேர்த்து 80, 90 டிகிரியில் வைத்தால் ஹைட்ராக்சைடு துளைக்குள்ளேயே படிந்துவிடும், உப்பு இடம்பெயர்வது குறையும்.

ஏற்கெனவே தயாரான நிக்கல்-சிர்கோனியா ஆனோடுக்குள் சீரியாவை ஊறவைப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கல் ஆக்சைடு நிக்கலாக மாறிய பிறகுதான் அதில் போதிய துளை கிடைக்கும். அப்படி மாற்றிய ஆனோடைக் காற்றில் 350 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் நிக்கல் மறுபடி ஆக்சைடாகத் தொடங்கும். நிக்கல் ஆக்சைடாகும்போது பருமன் சுமார் 70 சதவீதம் கூடும், மெல்லிய மின்பகுளி விரிசல் விடும். எனவே நைட்ரேட்டைச் சிதைக்கும் வெப்பநிலையை அதற்குக் கீழேயே நிறுத்த வேண்டும், இல்லையெனில் மந்த வாயுவில் சிதைக்க வேண்டும்.

இப்படிப் பாடுபட்டு உண்டாக்கிய துகள் ஏன் நிலைப்பதில்லை? ஒரு திடப்பொருளின் உருகுநிலையைக் கெல்வின் அளவில் எழுதிப் பாதியாக்கினால் கிடைக்கும் வெப்பநிலையை டம்மான் வெப்பநிலை என்பார்கள். ஏறக்குறைய அதற்கு மேல் அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்கும். நிக்கலுக்கு அது சுமார் 590 டிகிரி செல்சியஸ், செம்புக்கு 406, ரோடியத்துக்கு 845, சீரியாவுக்கு 1,000 டிகிரிக்கும் மேல். மின்கலம் ஓடுவது 700, 750 டிகிரியில். இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே எது நிற்கும், எது நிற்காது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். செம்பு ஆனோடு 800 டிகிரியை நெருங்கும்போது திரண்டு துண்டுபட்டு மின்கடத்தலை இழப்பதும், நிக்கல் நானோதுகள் முதல் சில நாட்களிலேயே பருப்பதும், பக்கத்தில் சீரியா துகள் ஓரளவு அப்படியே இருப்பதும் இந்த வரிசைப்படிதான்.

பருப்பதால் எவ்வளவு இழப்பு? நிக்கலின் மொத்த அளவு மாறாமல் துகளின் விட்டம் 10 நானோமீட்டரிலிருந்து 40 ஆனால், துகள்களின் எண்ணிக்கை 64-இல் ஒரு பங்காகும். மொத்தப் பரப்பு 4-இல் ஒரு பங்காகும். வினை நடக்கும் விளிம்பின் நீளமோ 16-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தங்கள் கட்டுரை பெருமையாகச் சொன்ன மின்திறன் அந்த விளிம்பின் நீளத்தை நம்பி நிற்கிறது.

இதைவிடக் கொடிய கோளாறு ஒன்று உண்டு. நிக்கல் சிர்கோனியாவின் மேல் ஒட்டிப் பரவும் இயல்புடையதல்ல. சேம்பிலையில் விழுந்த தண்ணீரைப் போல உருண்டு நிற்கவே பார்க்கும். ஊறவைத்துச் சுட்ட புதிதில் அது சட்டகத்தின் மேல் மெல்லிய தொடர்படலமாக இருக்கும், மின்சாரமும் ஓடும். சூட்டில் படலம் அங்கங்கே விட்டு முத்து முத்தாகப் பிரிந்ததும் முத்துகளுக்கிடையே தொடர்பு அறுந்துவிடும். 3 மோலார் நிக்கல் நைட்ரேட் கரைசலில்கூட ஒரு முறைக்குத் துளை இடத்தில் 2 சதவீதம்தான் நிக்கல் சேரும் என்பதால், தொடர்பை நிலைநிறுத்தும் அளவுக்கு நிக்கல் ஏற்றப் பல சுற்று வேண்டியிருக்கிறது. சுற்றுகளைக் குறைத்தவர்களின் மின்கலம் முதல் நாளில் நன்றாக ஓடி, பிறகு திடீரென்று சரிவதற்கு இதுவே காரணம். இங்கே மின்னோட்டத்தைக் கடத்துவதும் வினையை ஊக்குவிப்பதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே நானோ நிக்கலின் தலையில் ஏற்றியதுதான் பிழை என்பது எங்கள் உறுதியான கருத்து.

நீராவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் ஹைட்ரஜனை அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீருக்குள் குமிழியிட்டு அனுப்புவது வழக்கம். அதில் 3 சதவீத நீராவிதான் இருக்கும். உண்மையான நிலையத்தில் எரிபொருளில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் ஆனோடின் வெளியேறும் முனையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீராவி. நீராவி கூடும்போது நிக்கலின் மேல் ஹைட்ராக்சில் சேர்ந்த இனங்கள் உருவாகி மேற்பரப்பில் விரைவாக நகர்கின்றன, அதிக வெப்பத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆவியாகவும் போகிறது. 3 சதவீத நீராவியில் ஆயிரம் மணி நேரம் நின்ற துகள் 50 சதவீதத்தில் நிற்கும் என்று எண்ணக் கூடாது.

50 சதவீத நீராவியில் சோதிப்பது அவ்வளவு கடினமான காரியமும் அல்ல. குமிழிப் பாத்திரத்தை 81, 82 டிகிரியில் வைத்தால் போதும். அங்கிருந்து உலை வரையுள்ள குழாய் முழுவதையும் சூடேற்றும் நாடா சுற்றி 120 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரு இடத்தில் குளிர்ந்தாலும் தண்ணீர் சொட்டாகத் தேங்கி, வாயு விட்டுவிட்டு வரும், மின்னழுத்தம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை ஆனோடின் கோளாறு என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. சுமை ஏற்றாத நிலையில் மின்னழுத்தத்தைப் பார்ப்பது இதற்கு நல்ல காவல். 750 டிகிரியில் 3 சதவீத நீராவிக்குச் சுமார் 1.10 வோல்ட், 50 சதவீதத்துக்குச் சுமார் 0.95 வோல்ட் வர வேண்டும். அதைவிட 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் குறைந்தால் முதலில், மின்கலத்தின் விளிம்பில் வாயு கசியாமல் மூடும் கண்ணாடி அடைப்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை: சில அடைப்புக் கண்ணாடிகளை 850, 900 டிகிரியில் உருக்கி ஒட்டவைக்க வேண்டும். 450 டிகிரியில் பக்குவமாகச் சுட்ட நானோதுகள் அந்த ஒரு மணி நேரத்திலேயே பருத்துவிடும். சோதனை தொடங்கும் முன்பே நானோ போய்விட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, நிற்கும் ஆனோடுகள் எவை? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் இர்வின் குழுவினரும் சுவிட்சர்லாந்தின் ஹெக்ஸிஸ் நிறுவனமும் ஏறத்தாழ பத்தாண்டுகள் சேர்ந்து செய்த வேலையை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். அவர்களின் சட்டகம் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் கலந்த டைட்டனேட். அதுவே எலக்ட்ரானைக் கடத்தும். அதன் மேல் கடோலினியம் கலந்த சீரியாவையும், நிக்கல், ரோடியம், பிளாட்டினம், பல்லேடியம், ருத்தேனியம் என்று ஒவ்வொரு உலோகமாகவும் ஊறவைத்துப் பார்த்தார்கள். மின்கடத்தும் வேலை சட்டகத்துடையது என்பதால் உலோகத் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்தாலும் மின்னோட்டம் அறுவதில்லை. துகள் ஊக்கியாக இருந்தால் போதும். அந்த வரிசையில் ரோடியமும் சீரியாவும் சேர்ந்தது நன்றாக நின்றது. ஹெக்ஸிஸ் சாதனங்கள் 850 டிகிரியை ஒட்டி ஓடியவை என்பதையும், ரோடியத்தின் டம்மான் வெப்பநிலை 845 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிக்கல் ஏன் பின்தங்கியது என்பது விளங்கும். ரோடியம் மிக விலையுயர்ந்த உலோகம். ஆனால் ஊறவைக்கும் முறையில் தேவைப்படுவது மிகச் சிறிய அளவு. எரிபொருள் நின்று காற்று உள்ளே புகுந்தாலும் இச்சட்டகம் உடைவதில்லை என்பதையும் விலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தார் சட்டகமாகத் துருப்பிடிக்காத இரும்பு-குரோமியம் உலோகத்தையே எடுத்தார்கள். அது விலை குறைவு, உறுதியானது, விரைவாகச் சூடேற்றலாம். அங்கே நிக்கலுக்கு வேறொரு வழியில் அழிவு வருகிறது. இரும்புத் துகளைத் தொட்டு நிற்கும் நானோ நிக்கல் அந்த உலோகத்துக்குள்ளேயே கரைந்துபோகும். 650 டிகிரி அளவில் ஓட்டுவதும், நிக்கலைக் குறைத்துச் சீரியாவைக் கூட்டுவதும் அதைத் தாமதப்படுத்தும். சீரியா பல வேலைகளைச் செய்கிறது. தானே ஓரளவு ஊக்கி, ஆக்சைடு அயனியைக் கடத்தும், நிக்கல் துகள்களுக்கு இடையே நின்று அவை ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும், கரி படிவதையும் கந்தகத்தின் தாக்குதலையும் குறைக்கும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதே மின்கலத்தைத் திருப்பி ஓட்டி நீராவியிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போதுகூட, நிக்கல்-சிர்கோனியாவுக்குள் ஊறவைத்த சீரியா, நிக்கலின் சிதைவைக் கண்கூடாகக் குறைத்தது. நிக்கலை மட்டும் ஊறவைத்துப் பதிப்பிக்கும் ஆய்வுகளுக்கு இனியும் இடம் கொடுப்பது நேர விரயம் என்றே நினைக்கிறோம்.

துகளை வெளியிலிருந்து ஊற்றாமல் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பீங்கானுக்குள் கரைத்துவைத்து, ஹைட்ரஜனில் சூடேற்றும்போது தானே வெளியே முளைக்கச் செய்யும் முறையும் செயின்ட் ஆண்ட்ரூஸில் வளர்ந்தது. அத்துகளின் ஒரு பகுதி பீங்கானுக்குள் புதைந்திருப்பதால் நகர்வது கடினம், கரி முளைத்து அதைத் தூக்கிப் பெயர்ப்பதும் கடினம். உலோகத்தின் அளவு பீங்கான் கரைக்கும் எல்லைக்குள் அடங்கிவிடும் என்பதே அதன் குறை.

இவை எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று இருக்கிறது. செய்தியாகக் கவர்ச்சியற்றது, ஆனால் பயன் மிகுந்தது. துகளை வேண்டுமென்றே முன்கூட்டிப் பருக்கவிடுவது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் உலோகச் சட்டக மின்கலங்களில் ஆனோடு ஊக்கியை 850 டிகிரியில் வைத்துப் பருக்கவிட்ட பிறகு குறைந்த வெப்பநிலையில் ஓட்டினார்கள். தொடக்க மின்திறன் சற்றுக் குறைந்தது, அதற்குப் பின் வரும் சரிவு வெகுவாகத் தணிந்தது. ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். நிக்கல் பருக்கும் வேகத்தை, விட்டத்தின் 7-ஆம் அடுக்கு நேரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதாக எழுதும் விதி ஒன்று உண்டு. 20 நானோமீட்டரில் தொடங்கிய துகள் 100 மணி நேரத்தில் 60 ஆகிவிட்டது என்று வைப்போம். அந்த விதிப்படி 10,000 மணி நேரம் ஆனாலும் அது சுமார் 116-க்குத்தான் போகும். முதல் 100 மணி நேரத்தில் மூன்று மடங்கு, அடுத்த 9,900 மணி நேரத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. அடுக்கு 4 ஆக இருந்தால் 190 வரை போகும். ஆகவே எந்த அடுக்கு என்று அளந்து காண்பதே ஆய்வாளரின் முதல் கடமை. 60 நானோமீட்டரில் தொடங்கி, அந்த மின்திறனைத் தன் மின்திறனாகச் சொல்பவர், 20-இல் எடுத்த உச்ச எண்ணைத் தலைப்பாக்குபவரை விட வாசகருக்கு உண்மையானவர்.

அதை அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒரே தட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை எடுங்கள். ஒன்றை மின்கலமாக ஓட்டுங்கள், மற்றொன்றை அதே உலையில், அதே வாயுவில், மின்னோட்டம் இல்லாமல் கிடத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி பருத்திருந்தால் குற்றவாளி வெப்பமும் நீராவியும். ஓடிய துண்டு மட்டும் கெட்டிருந்தால் மின்னோட்டத்தின் பங்கைத் தேட வேண்டும். மாறாத மின்னோட்டத்தில், 1,000 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, இடையிடையே மின்மறுப்பு நிறமாலை (மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்தடையை அளப்பது) எடுக்க வேண்டும். அதன் உயர் அதிர்வெண் முனை நகர்ந்தால் மின்கடத்தும் பாதை அறுகிறது, அதாவது படலம் முத்தாகப் பிரிகிறது. ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய வளைவு பெருத்தால் வினை நடக்கும் விளிம்பு சுருங்குகிறது. சில ஹெர்ட்ஸில் தெரியும் வளைவு பெரும்பாலும் வாயு ஓட்டத்தைச் சார்ந்தது. அதைக் கணக்கில் சேர்த்து ஆனோடு கெட்டுவிட்டது என்று எழுதக் கூடாது. முடிந்ததும் ஹைட்ரஜன் 5 சதவீதம் கலந்த நைட்ரஜனிலோ ஆர்கானிலோ குளிர்விக்க வேண்டும். காற்றில் குளிர்வித்தால் மின்நுண்ணோக்கியில் பார்ப்பது ஓடிய ஆனோடு அல்ல, மறுபடி ஆக்சைடான ஆனோடு. முறித்த குறுக்குவெட்டில் மின்பகுளியை ஒட்டிய 10 மைக்ரானைப் பார்த்துத் துகளை அளக்க வேண்டும். படம் அழகாக வருகிறது என்று வெளிப்புறத்தைப் படமெடுத்து வெளியிடுவதில் பயனில்லை.

எந்த அளவுகோலில் ஒப்பிடுவது என்ற கேள்விக்கு ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையம் பதில் வைத்திருக்கிறது. அங்கே 2007 ஆகஸ்டில் 700 டிகிரியில் தொடங்கிய, மின்கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறிய தொகுப்பு ஒன்று 2019 ஜனவரி வரை, 90,000 மணி நேரத்துக்கு மேல் சுமையோடு ஓடியது. அதில் இருந்தது ஊறவைத்த நானோ ஆனோடு அல்ல, பழைய நிக்கல்-சிர்கோனியாதான். அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு 0.2 சதவீதத்துக்கு மேல் இழப்புக் கூடாது என்பது. 40,000 மணி நேரத்தில் அது 8 சதவீதம். ஆயிரம் மணி நேரத்துக்கு 1 சதவீதம் இழக்கும் ஆனோடு அதே காலத்தில் 40 சதவீதத்தை இழந்துவிடும். நானோ ஆனோடு போட்டியிட வேண்டியது இந்த எண்களோடு. 100 மணி நேரத்துக்கு ஓட்டிவிட்டு ‘நிலையானது’ என்று எழுதுவதைத் தங்கள் பக்கம் அப்படியே ஏற்கக் கூடாது என்பது எங்கள் வேண்டுகோள். அடுத்த முறை இத்துறைச் செய்தி வரும்போது, மின்திறனுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலை, நீராவி அளவு, மின்னோட்ட அடர்த்தி, ஓடிய மணி நேரம், ஆயிரம் மணி நேரத்துக்கான இழப்பு ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுப்பவரின் செய்தியை நிறுத்திவையுங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பொருள்கள் அந்நியமல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் சிர்கானில்தான் சிர்கோனியாவுக்கான மூலம் இருக்கிறது, அதே மணலின் மோனசைட்டில் சீரியம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்கோனியம் ஆலையே நடக்கிறது. எனவே இந்த ஆய்வை நம் கல்லூரிகளில் செய்வதற்கு நியாயம் நிறையவே உண்டு. சரியாகச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கவலை.

கட்டுரையைப் படித்துவிட்டு இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுக்காக ஒன்று சேர்க்கிறோம். நிக்கல் நைட்ரேட்டும் அதிலிருந்து வரும் நிக்கல் ஆக்சைடு தூளும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை, தோலில் ஒவ்வாமையையும் தரும். கரைசலைக் கலப்பதிலிருந்து துடைத்த காகிதத்தை அப்புறப்படுத்துவது வரை நைட்ரைல் கையுறை வேண்டும், அந்தக் காகிதம் சாதாரணக் குப்பையில் போகக் கூடாது. நைட்ரேட் சிதையும்போது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வெளிவரும், உலையின் வாய் புகைபோக்கிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். சிட்ரிக் அமிலமோ கிளைசினோ சேர்த்த நைட்ரேட் கலவை 200 டிகிரியைத் தாண்டும்போது திடீரென்று தீப்பற்றிப் பொங்கும். மின்கலத் துண்டில் இருக்கும் அளவு சிறிதென்றாலும், முகவையில் மிஞ்சிய கலவையை அப்படியே சூடேற்றக் கூடாது.

இப்படிக்கு,
எரிபொருள் மின்கல ஆய்வாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி